நாலாவது அட்டெம்ப்ட்!

உங்ககிட்ட ஒரு பர்சனல் கேள்வி. ஒரே பேப்பரை அதிகபட்சம் எத்தனை தடவை எழுதியிருக்கீங்க?

கூச்சப்படாம சொல்லுங்க, பக்கத்துல ஹெச்.ஓ.டி. யாரும் இல்லை. வேணும்னா முதல்ல நானே சொல்லிடறேன். எனக்கு எம்-2. முதல் வருஷம் விழுந்தது, தேர்ட் இயர் வந்தும் நிழல் மாதிரி கூடவே வருது. மூணு தடவை எழுதியாச்சு. மூணாவது தடவை ரெண்டே ரெண்டு மார்க்ல போச்சு. ரீ-வேல்யுவேஷனுக்குப் பணம் கட்டி, காத்துக் கிடந்து, 'நோ சேஞ்ச்'னு ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்குக்கூடப் போகாம ரூம்லயே படுத்துட்டேன்.

ரூம்மேட் வந்து போர்வையை இழுத்தான். "டேய், எழுந்து உக்காரு. உன்னை மாதிரியே ஒருத்தர் இருக்கார். ஒரே பேப்பர்ல எட்டு வருஷம் அரியர் வெச்சவர்"னு சொல்லி லேப்டாப்பை மடியில வெச்சான். பாக்ஸிங் வீடியோ. எனக்கு பாக்ஸிங்னா முகமது அலி தெரியும், காதைக் கடிச்ச டைசன் தெரியும். அவ்வளவுதான் நாலெட்ஜ். ஆனா அன்னிக்கு விடிய விடிய நாலு ஃபைட்டையும் பார்த்து முடிச்சேன்.

அந்த அரியர் பேப்பரோட பேர் மேனி பாக்கியோ. எழுதினவர் பேர் ஹுவான் மானுவல் மார்க்கேஸ்.

பி.காம் பாக்ஸர்!

1973-ம் வருஷம் ஆகஸ்ட் 23-ம் தேதி மெக்ஸிகோ சிட்டியில் பிறந்தவர் மார்க்கேஸ். வளர்ந்தது இஸ்தபலாப்பா. அந்த நகரத்தோட கிழக்கு ஓரத்துல நெருக்கியடிச்சு ஜனங்க வாழற ஏரியா. அப்பா குத்துச்சண்டை வீரர். தம்பி ரஃபேல் மார்க்கேஸும் பின்னாளில் உலக சாம்பியன். அந்த வீட்டுல பையன் கிளவுஸ் மாட்டினதுல ஆச்சரியம் ஒண்ணுமில்லை. ஆச்சரியம் என்னன்னா, அண்ணன் அக்கவுண்டன்சியும் படிச்சார். கணக்கு எழுதற வேலையும் பார்த்தார். பகல்ல வரவு - செலவு, மத்த நேரம் குத்துன்னு கொஞ்ச காலம் ஓடியிருக்கு. 'டினமிட்டா', அதாவது டைனமைட்னு பட்டப்பேர் வெச்சிருந்தாலும், ரிங்குக்குள்ள அவர் ஆடினது முழுக்க முழுக்க அக்கவுண்டன்ட் ஆட்டம். அதை அப்புறம் சொல்றேன்.

தொழில்முறை வீரரா முதல் ஃபைட் 1993 மே 29. முதல் ரவுண்டுலயே தகுதி நீக்கம், தோல்வி! அதாவது முதல் செமஸ்டர், முதல் பேப்பர், ஹால்லேர்ந்து வெளியே அனுப்பிட்டாங்க. எனக்கு அந்த ஆள் மேல முதல் மரியாதை வந்ததே அங்கதான்.

அவருக்கு வாத்தியார் நாச்சோ பெரிஸ்டைன். மெக்ஸிகோ பாக்ஸிங்கில் இவர் பேரைச் சொன்னா எழுந்து நிப்பாங்க. இவரோட ஜிம் பேர் ரொமான்ஸா. ஏதோ காதல் சமாச்சாரம்னு நினைச்சு ஏமாந்துடாதீங்க. கில்பர்ட்டோ ரொமான், டேனியல் சரகோசான்னு தன்னோட ரெண்டு சாம்பியன் சிஷ்யர்கள் பேரை ஒட்டவெச்சு உருவாக்கின பேர் அது. 52 ஃபைட்ல ஒண்ணுகூடத் தோற்காம ரிட்டயர் ஆன ரிக்கார்டோ லோபஸும் இவரோட பட்டறைதான். லோபஸ் பெரும்பாலும் ஆடினது 48 கிலோவுக்கும் கீழ இருக்கற பிரிவில்!

இங்க எடைக் கணக்கை ஒரு நிமிஷம் பார்த்துடலாம். தொழில்முறை குத்துச்சண்டையில் பாரம்பரியமா 17 எடைப் பிரிவுகள். அலி, டைசன் எல்லாம் ஹெவி வெயிட். துட்டு, பேரு, போஸ்டர் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மெக்ஸிகோவோட ராஜ்ஜியமோ கீழ்ப் பக்கம். 23 வயசுல கார் விபத்துல போய்ச் சேர்ந்த சல்வடோர் சான்செஸ், லோபஸ், பரேரா, மொராலெஸ்னு வரிசையா ஒல்லி சாம்பியன்கள். மார்க்கேஸ் கொடி நாட்டினது ஃபெதர் வெயிட்டில். உச்ச வரம்பு 57.15 கிலோ. உங்க கிளாஸ்ல பாதிப் பசங்க அந்த எடைதான் இருப்பாங்க. நான்கூட 56. ரூம்மேட்கிட்ட அதைச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தினேன். அவன் சிரிச்ச சிரிப்பை இங்க எழுத முடியாது.

அடிக்கிறவனை அடிக்கிற கலை

மெக்ஸிகோ ரசிகர்களுக்கு ஒரு டேஸ்ட் உண்டு. பாக்ஸர்னா முன்னாடி போகணும், விலா எலும்பைப் பார்த்து இடது கையால போடணும், ரத்தம் வந்தாலும் பின்வாங்கக் கூடாது. ஹூலியோ சேசர் சாவேஸ் அப்படித்தான் அங்க சாமியானார். நம்ம அக்கவுண்டன்ட் நேர் எதிர். அரை அடி பின்னால வைப்பார். எதிராளியை வரவிடுவார். அவன் அடிக்கக் கையை நீட்டற அந்தக் கணத்துல அவன் முகம் காலியா இருக்கும் இல்லையா... அங்க போடுவார். இதுக்குக் கவுன்ட்டர் பஞ்ச்னு பேர்.

கேட்கறதுக்கு ஈஸி. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவன் எப்போ அடிப்பான்னு அவனுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும். அதுக்கு முதல் மூணு நாலு ரவுண்டு அவனை ரீடிங் எடுக்கணும். ரீடிங் எடுக்கறப்ப அடி விழத்தான் செய்யும். லேப்ல ஷாக் அடிச்சாலும் அப்சர்வேஷன் நோட்டுல எழுதறவன்தான் கவுன்ட்டர் பஞ்சர்.

இந்த ஸ்டைலால அவருக்கு ரெண்டு கஷ்டம். ஒண்ணு, சொந்த ஊர்லயே ரொம்ப நாள் கைதட்டல் கம்மி. ரெண்டு, பெரிய ஸ்டார்கள் இவர் பக்கமே வரலை. ஜெயிச்சாலும் பேர் வராது, தோத்தா மானம் போயிடும், எதுக்கு வம்புன்னு ஒதுங்கினாங்க. பிரிட்டனின் நசீம் ஹமீதோட மோத வேண்டிய அடுத்த ஆள்னு வரிசையில நின்னே காலம் போச்சு. அந்தச் சான்ஸ் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 1999-ல் ஃப்ரெடி நார்வுட்கூட முதல் உலகப் பட்டப் போட்டி, பாயின்ட்ஸில் தோல்வி. உலக சாம்பியன் ஆனது 2003 பிப்ரவரியில், சக நாட்டுக்காரர் மானுவல் மெதினாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தி. அப்போ வயசு 29. அந்த எடைப் பிரிவில் பல பேர் ரிட்டயர்மென்ட் பத்தி யோசிக்கற வயசு.

முதல் அட்டெம்ப்ட்

2004 மே 8. லாஸ் வேகாஸ், எம்.ஜி.எம். கிராண்ட். எதிர் மூலையில் ஃபிலிப்பைன்ஸின் மேனி பாக்கியோ, 25 வயசு. வறுமையில பிறந்து, தெருவுல பொருள் வித்துச் சாப்பிட்ட பையன். பிற்பாடு எட்டு எடைப் பிரிவுகளில் சாம்பியன் ஆகி உலகத்தையே வாய் பிளக்க வெச்சவர். முந்தின வருஷம்தான் பரேராவைப் புரட்டி எடுத்திருந்தார். பீச்சாங்கை பார்ட்டி. அந்த இடது கை எங்கேர்ந்து கிளம்புதுன்னு வீடியோவை ஸ்லோ பண்ணிப் பார்த்தாகூட எனக்குப் புரியலை.

மார்க்கேஸுக்கும் புரியலை. முதல் ரவுண்டிலேயே மூணு தடவை விழுந்தார். ஒரு தடவை இல்லை மக்களே, மூணு! மூக்குலேர்ந்து ரத்தம். மூணாவது தடவை எழுந்து நின்னப்ப கண்ணு எங்கேயோ இருக்கு. ரெஃப்ரி அங்கேயே நிறுத்தியிருந்தா யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. நிறுத்தலை.

ரெண்டாவது ரவுண்டை எப்படியோ தாண்டினார். அதுக்கப்புறம்தான் படமே ஆரம்பம். மெள்ள மெள்ளத் தன்னோட இடது பக்கமா நகர ஆரம்பிச்சார். ஏன்னா, பாக்கியோவோட இடது கைக்கு அதுதான் எட்டாத திசை. பாக்கியோ குதிச்சு உள்ளே வர்றப்ப அரை அடி பின்னால வெச்சு நேரா வலது கை. மறுபடி குதிச்சா மறுபடி வலது கை. புயல் மாதிரி வந்தவர் நின்னு யோசிக்க ஆரம்பிச்சார். 12 ரவுண்டு முடிஞ்சது.

இனி மார்க் விஷயம். ஒரு ரவுண்டில் ஜெயிச்சவருக்கு 10, தோத்தவருக்கு 9. கீழே விழுந்தா விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மார்க் கட். அப்போ மூணு தடவை விழுந்தா 10-க்கு 6. ஒரு ஜட்ஜ் 115-110 மார்க்கேஸுக்குன்னார். இன்னொருத்தர் அதே 115-110, ஆனா பாக்கியோவுக்கு! மூணாவது ஜட்ஜ் பர்ட் கிளமென்ட்ஸ் 113-113. மேட்ச் டிரா. அப்புறம் அந்த மூணாவது ஜட்ஜ் வந்து, முதல் ரவுண்டுக்கு 10-6 போட வேண்டியதை 10-7 போட்டுட்டேன்னு ஒப்புக்கொண்டார். சரியா போட்டிருந்தா பாக்கியோ ஜெயிச்சிருப்பார். ஆக, ஒரு டோட்டலிங் மிஸ்டேக் நம்ம ஆளைக் காப்பாத்தியிருக்கு. மார்க்கேஸ் ரசிகர்கள் இதைச் சத்தமா பேச மாட்டாங்க. ஆனா எனக்கு இதைச் சொல்லாம விட மனசு வரலை. பேப்பர் திருத்தறவங்க நமக்கு எதிரா மட்டும்தான் தப்பு பண்ணுவாங்கன்னு நினைக்கிறோம் இல்ல?

ஆஃபரை வேணாம்னு சொன்ன கதை

இந்த இடத்துல மார்க்கேஸ் ஒரு காரியம் பண்ணினார். நம்ம கேம்பஸ்ல யாராவது பண்ணினா பிளேஸ்மென்ட் ஆபீஸர் மயங்கி விழுவார். பாக்கியோவோட மறுபடி மோத ஏழரை லட்சம் டாலர் தர்றோம்னு ஆஃபர் வந்ததாகச் செய்தி. அன்னிக்கு மதிப்பில் கிட்டத்தட்ட மூணேகால் கோடி ரூபா. அவர் தரப்பு, 'இது பத்தாது'ன்னு மறுத்துடுச்சு.

அப்புறம் என்ன கிடைச்சது? பட்டங்கள் கையை விட்டுப் போச்சு. 2006 மார்ச்சில் இந்தோனேஷியா போனார். போர்னியோ தீவுல தெங்காரோங்னு ஒரு ஊர். அங்க உள்ளூர் ஹீரோ கிறிஸ் ஜானோட ஃபைட். சம்பளம் 31 ஆயிரம் டாலர்னு அப்போ எழுதினாங்க. சுமார் 14 லட்ச ரூபா. அதுல பயிற்சிச் செலவு, ஆட்கள் செலவு வேற. பெல்ட்டுக்குக் கீழே அடிச்சார்னு ரெண்டு பாயின்ட் கட் பண்ணி, பாயின்ட்ஸில் தோல்வி. 32 வயசு. கையில பட்டம் இல்லை, பணம் இல்லை, பாக்கியோவும் இல்லை. கணக்குப் படிச்சவர் போட்ட கணக்கிலேயே மோசமான கணக்கு இதுதான்.

நானா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியும். அப்படியே அக்கவுண்டன்ட் வேலைக்குத் திரும்பியிருப்பேன். அவர் ரொமான்ஸாவுக்குத் திரும்பினார். அடுத்த வருஷமே, 2007 மார்ச்சில், பரேராவைத் தோற்கடிச்சு இன்னும் ஒரு படி மேல் எடையில் சாம்பியன். பாக்கியோ தரப்பால இனிமே இவரைத் தவிர்க்க முடியாத நிலை.

ரெண்டாவது அட்டெம்ப்ட், 2008 மார்ச் 15. இந்தத் தடவை முதல் ரவுண்டு பத்திரமா போச்சு. மூணாவது ரவுண்டில் அதே இடது கை, அதே மாதிரி விழுந்தார். எழுந்தார். மீதி ரவுண்டெல்லாம் கத்தி முனையில போச்சு. ஒரு ஜட்ஜ் 115-112 மார்க்கேஸுக்கு, இன்னொருத்தர் 115-112 பாக்கியோவுக்கு. மூணாவது ஜட்ஜ்? 114-113, பாக்கியோவுக்கு. ஒரே ஒரு மார்க்! அந்த மூணாவது ரவுண்டில் விழாம இருந்திருந்தா அந்த அட்டை 114-114, மேட்ச் டிரா. எனக்கு ரெண்டு மார்க்ல போனதுக்கே மெஸ் சாப்பாடு இறங்கலை.

நடுவுல மார்க்கேஸ் சும்மா இருக்கலை. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹுவான் டியாஸோட ஒரு ஃபைட். டியாஸ் அந்த ஊர்ப் பையன், அங்கேயே காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸ் படிச்சுக்கிட்டே உலக சாம்பியன் ஆனவர். நம்ம இனம்! முதல் பாதி முழுக்க டியாஸ் இவரை விரட்டி விரட்டி அடிச்சார். மார்க்கேஸ் வழக்கம்போல ரீடிங் எடுத்தார். ஒன்பதாவது ரவுண்டில் ஃபைட் ஓவர். அந்த வருஷத்தின் சிறந்த ஃபைட்டா 'ரிங்' பத்திரிகை அதைத்தான் தேர்ந்தெடுத்தது. நாலு பாக்கியோ ஃபைட்டும் பார்த்து முடிச்சா, அடுத்து இதைப் பாருங்க.

அதே வருஷம் செப்டம்பரில் ஆசை கொஞ்சம் ஓவராப் போச்சு. தன்னைவிடப் பெரிய ஆளான ஃபிளாய்ட் மேவெதரோட மோதினார். பேசின எடையைவிட ரெண்டு பவுண்டு அதிகமா வந்து நின்ன மேவெதர், அதுக்கு அபராதமா ஆறு லட்சம் டாலர் கட்டிட்டு ஹாயா ரிங் ஏறினார். மார்க்கேஸுக்கு 12 ரவுண்டும் தண்ணி காட்டினார். அந்த ஃபைட்டுக்கு முன்னாடி வந்த டி.வி. தொடரில் மார்க்கேஸ் தன்னோட சிறுநீரைத் தானே குடிக்கிற காட்சி வேற வந்தது. சத்து வீணாகக் கூடாதாம்! நம்ம மொரார்ஜி தேசாய் ஞாபகம் வந்தவங்க கையைத் தூக்குங்க. பின்னாடி அந்தப் பழக்கத்தை விட்டுட்டார். நல்ல வேளை.

நானே போட்ட கணக்கு

மூணாவது அட்டெம்ப்ட் 2011 நவம்பர் 12. இதுக்கு விளம்பரம் பண்ண ஃபிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்கே போனார். எப்படி? 'மார்க்கேஸ் பாக்கியோவை ரெண்டு தடவை ஜெயிச்சார்'னு எழுதின டீ-ஷர்ட்டைப் போட்டுக்கிட்டு! எதிரி ஊர்ல போய் அந்த டீ-ஷர்ட் போட தில்லு வேணும் பாஸ்.

ரிங்கில் அந்த டீ-ஷர்ட்டுக்கு நியாயம் செஞ்சார்னுதான் எனக்குத் தோணுது. இந்தத் தடவை விழவே இல்லை. பாக்கியோ உள்ளே வர்ற வழியெல்லாம் அடைபட்டிருந்தது. கார்னரில் பெரிஸ்டைன், 'நாம ஜெயிச்சுட்டு இருக்கோம்'னு சொன்னதா அப்போ எழுதினாங்க. வாத்தியாரை நம்பி கடைசி ரவுண்டுகளில் ரிஸ்க் எடுக்காம ஆடினார். அட்டைகள் வந்தன. 114-114, 115-113, 116-112. ஜெயிச்சது பாக்கியோ. கூட்டம் 'பூ'ன்னு கத்தி, கையில இருந்ததையெல்லாம் ரிங்கைப் பார்த்து வீசிச்சு. மார்க்கேஸ் கோபமா இறங்கிப் போயிட்டார்.

இந்த இடத்துல வீடியோவை நிறுத்திட்டு நான் கால்குலேட்டரை எடுத்தேன். அரியர் வெச்சவனுக்குத்தான் மார்க் கணக்கோட அருமை தெரியும். மூணு ஃபைட், 36 ரவுண்டு, ஒன்பது ஸ்கோர் அட்டை. எல்லாத்தையும் கூட்டினா பாக்கியோ 1024, மார்க்கேஸ் 1017. வித்தியாசம் ஏழே ஏழு. இப்போ மார்க்கேஸ் நாலு தடவை விழுந்ததுக்காக மட்டும் கூடுதலா வெட்டின மார்க்கைக் கூட்டிப் பாருங்க. முதல் ஃபைட்டில் எட்டு, அந்தத் தப்பு பண்ணின ஜட்ஜையும் சேர்த்து. ரெண்டாவதில் மூணு. ஆக 11. விழுந்த அந்த ரெண்டு ரவுண்டைச் சாதாரணமா தோத்திருந்தாலே போதும், மொத்தக் கணக்கில் மார்க்கேஸ்தான் முன்னாடி!

அக்கவுண்டன்ட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருந்திருக்கும்?

42-வது ரவுண்டு

அடுத்த ஒரு வருஷம் மார்க்கேஸ் உடம்பை மாத்தினார். ஃபெதர் வெயிட்டில் ஒல்லியா இருந்த ஆள், 39 வயசுல தோள் தோளா வந்து நின்னார். இங்க ஒரு நெருடல் இருக்கு. அவரோட உடற்பயிற்சி கோச் ஏஞ்சல் ஹெரெடியா. ஓட்டப்பந்தய வீரர்களுக்கு ஊக்கமருந்து சப்ளை பண்ணினதை ஒப்புக்கொண்டு, அமெரிக்க அரசுத் தரப்புச் சாட்சியா மாறினவர். அப்போ கேள்வி வராம இருக்குமா? வந்தது. மார்க்கேஸ் கடைசிவரை மறுத்தார். எந்தச் சோதனையிலும் அவர் மாட்டினதில்லை, இந்த ஃபைட்டுக்கு அப்புறம் எடுத்த சோதனை உள்பட. எனக்கு அவரைப் பிடிக்கும்கிறதால இந்தப் பாராவை எழுதாம விட்டுடலாம்னு பார்த்தேன். ரூம்மேட்தான், "ஆன்சர் ஷீட்ல பக்கம் கிழிக்காதே"ன்னான்.

2012 டிசம்பர் 8. மறுபடி எம்.ஜி.எம். கிராண்ட். மூணாவது ரவுண்டில் மார்க்கேஸ் வயித்துக்கு இடது கை போடற மாதிரி காட்டினார். பாக்கியோவோட கவனம் கீழே போச்சு. மேலேர்ந்து வளைஞ்சு வந்தது வலது கை. பாக்கியோ விழுந்தார்! எட்டு வருஷத்துல, 39 ரவுண்டுல, முதல் தடவை. ரூம்ல நாங்க போட்ட சத்தத்துல வார்டன் வராததே ஆச்சரியம்.

சந்தோஷம் ரெண்டு ரவுண்டுதான். அஞ்சாவதில் பாக்கியோவோட இடது கை. மார்க்கேஸ் தடுமாறி கிளவுஸ் தரையைத் தொட, அதுவும் விழுந்த கணக்கு. மூக்கு உடைஞ்சு வாயால மூச்சு விடறார். ஆறாவது ரவுண்டு முழுக்க பாக்கியோ கைதான் ஓங்கியிருந்தது. அதுவரைக்கும் ஜட்ஜ்கள் போட்ட மார்க் என்ன தெரியுமா? மூணு அட்டையிலும் 47-46, பாக்கியோவுக்கு. அன்னிக்கும் ஒரு மார்க் பின்னாடிதான்.

ஆறாவது ரவுண்டு முடிய ஒரு சில விநாடிகள். மார்க்கேஸ் கயிறு பக்கமா பின்னால போறார். முடிக்கறதுக்குள்ள இன்னும் ஒரு அடி போட்டுடலாம்னு பாக்கியோ வலது கையை நீட்டி உள்ளே அடி எடுத்து வைக்கிறார். அதே அடி. 2004-லேர்ந்து அவர் வெச்சுக்கிட்டே இருந்த அதே அடி. மார்க்கேஸ் இந்தத் தடவை பின்னால போகலை. கொஞ்சமா குனிஞ்சு, காலை ஊன்றி, வலது கையைக் குட்டையா விட்டார். ஓடி வர்ற வேகமும் எதிர்ல வர்ற வேகமும் ஒண்ணா கூடிச்சு. ஃபிசிக்ஸ்ல இதுக்கு ஃபார்முலா இருக்கு, எனக்கு மறந்து போச்சு.

பாக்கியோ முகம் குப்புற விழுந்தார். நேரம் 2 நிமிஷம் 59 விநாடி. ரெஃப்ரி கென்னி பேலெஸ் பத்து எண்ணக்கூட இல்லை, நேரா கையை ஆட்டி முடிச்சுட்டார். இந்தத் தடவை மார்க் போட யாரும் தேவைப்படலை.

நான் கத்திக்கிட்டே எழுந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன். பாக்கியோ அசையலை. அஞ்சு விநாடி, பத்து விநாடி, இன்னும் அசையலை. ரிங் ஓரத்துல அவர் மனைவி ஜின்கி அழுதுகிட்டே உள்ளே வரத் துடிக்கிறாங்க. இந்தப் பக்கம் மார்க்கேஸ் கயிறு மேல ஏறி நின்னு, ரத்த முகத்தோட ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறார். ரெண்டும் ஒரே ஸ்கிரீன்ல. எதைப் பார்க்கறதுன்னு தெரியலை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பாக்கியோ கண் திறந்து, ஸ்டூல்ல உக்காந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க. அடுத்த வருஷ நவம்பரில் மறுபடி ரிங் ஏறி ஜெயிச்சார். இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பிறகும், அந்த இடம் வர்றப்ப இப்பவும் கை தானா பாஸ் பட்டனுக்குப் போகுது.

அஞ்சாவது?

நாலாவது ஃபைட் முடிஞ்ச உடனேயே அஞ்சாவதுக்குப் பேச்சு ஆரம்பிச்சுது. பணம் கொட்டும்னு எல்லாருக்கும் தெரியும். போர்னியோவில் 31 ஆயிரம் டாலருக்கு ஆடினவருக்கு அது தெரியாதா? வருஷக்கணக்கா கேட்டுப் பார்த்தாங்க. மார்க்கேஸ் ஒத்துக்கவே இல்லை.

2013 அக்டோபரில் டிமோதி பிராட்லியோட ஒரு ஃபைட், பாயின்ட்ஸில் நூலிழைத் தோல்வி. 2014 மே மாசம் மைக் அல்வராடோவை ஜெயிச்சதுதான் கடைசி. 2017-ல் ஓய்வை அறிவிச்சார். மொத்தம் 64 ஃபைட். 56 வெற்றி, அதில் 40 நாக் அவுட். ஏழு தோல்வி, ஒரு டிரா. நாலு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம். அந்த ஏழு தோல்வியில் ஆறு பாயின்ட்ஸில், ஒண்ணு அந்த முதல் நாள் தகுதி நீக்கம். அத்தனை தடவை கீழே விழுந்தவரை ஒருத்தராலகூட நாக் அவுட் பண்ண முடியலை.

சர்வதேச குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேமில் 2020-ம் வருஷப் பட்டியலில் மார்க்கேஸுக்கு இடம் கிடைச்சது. கொரோனா வந்து விழா தள்ளிப் போய், 2022-ல்தான் மேடை ஏறினார். பாக்கியோ 2025-ல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

நாங்க வீடியோவை மூடினப்ப காலை அஞ்சே கால். பால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டது. ரூம்மேட் தூங்கிட்டான். நான் எம்-2 கொஸ்டின் பேப்பர் மூணையும் தேடி எடுத்து, எந்த யூனிட்ல எவ்வளவு போச்சுன்னு வரிசையா எழுதிப் பார்த்தேன். மூணு தடவையும் ஒரே இடம். வெக்டார் கால்குலஸ்.

நவம்பர்ல எக்ஸாம். ஃபீஸ் கட்டியாச்சு.